தகரத்தின் ஆயுள் அதன் பூச்சில்: கூரையும் கேட்டும் சீக்கிரம் துருப்பிடிப்பது ஏன்?

தீபாவளிக்கு முன் வீட்டு கேட்டுக்கும் கிரில்லுக்கும் சாயம் அடிப்பது நம் வீடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் வேலை. அடித்த சாயம் சில மாதங்களிலேயே பாம்புச் சட்டை போல் உரிந்தால் சாயக்கடையைக் குறை சொல்கிறோம். புதிதாகப் போட்ட தகரக் கூரை நான்கைந்து ஆண்டுகளில் ஓட்டை விழுந்தால், "இந்தக் காலத்து இரும்பே அப்படித்தான்" என்று அலுத்துக்கொள்கிறோம்.

பல நேரங்களில் குறை இரும்பில் இல்லை. இரும்பின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சில்தான் இருக்கிறது. தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்தப் பூச்சு, கூரை எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதைப் பற்றித் தெரியாமல் தகடு வாங்குவதால் குடும்பங்களுக்குப் பண நட்டம் ஏற்படுகிறது. அதைப் பற்றித் தெரியாமல் வெல்டிங் செய்வதால் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர்களின் நுரையீரல் பாதிக்கப்படுகிறது.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றில் உள்ள பிராணவாயுவும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். ஆண்டு முழுவதும் மழையும் ஈரப்பதமும் உள்ள மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பூச்சில்லாத இரும்பு வெளியில் கிடந்தால் சில நாள்களிலேயே பழுப்பு நிறம் ஏறிவிடும்.

அலுமினியமும் காற்றுடன் வினைபுரியும். ஆனால் அப்போது உண்டாகும் படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துரு அப்படியல்ல. அது பொருபொருவென்று உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். இப்படியே தகடு முழுவதும் கரைந்துபோகும். அதனால்தான் இரும்புக்கு வெளியிலிருந்து ஒரு மேலாடை போட வேண்டியிருக்கிறது.

ஈயப் பூச்சும் துத்தநாகப் பூச்சும்

உலோகத்தின் மேல் இன்னொரு உலோகத்தைப் பூசுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய பிறகே அதில் புளிக்குழம்பும் ரசமும் வைப்பது பாட்டிமார் காலத்து வழக்கம். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் தேய்த்துப் பரப்புவார்கள். புளி பித்தளையைத் தொட்டுக் களிம்பு ஏறாமல் அந்த ஈயம் தடுக்கும்.

இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். கிந்தா பள்ளத்தாக்கிலும் தைப்பிங்கிலும் தோண்டியெடுத்த அதே உலோகம்தான். நச்சுத்தன்மை கொண்ட காரீயம் வேறு. பிஸ்கட் டின், பால் டின் போன்றவை இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசிச் செய்யப்படுபவை.

கூரைத் தகடும் வாளியும் அப்படியல்ல. அவற்றில் இருப்பது துத்தநாகம். 'சிங்க்' என்று நாம் கூரையையே அழைப்பது அந்த உலோகத்தின் பெயரால்தான்.

இந்த இரண்டு பூச்சுகளும் வேலை செய்யும் விதம் வேறு. வெள்ளீயம் ஒரு தடுப்பு மட்டுமே. அது முழுதாக இருக்கும் வரை இரும்புக்கு ஆபத்தில்லை. ஒரு கீறல் விழுந்து, டின் வெளியில் மழையில் நனைந்தால், கீறிய இடத்தில் இரும்பு வழக்கத்தைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். மோட்டார் சைக்கிளின் குரோமியப் பூச்சிலும் நடப்பது இதுதான். சிறு புள்ளியாகத் தொடங்கும் துரு பூச்சுக்கு அடியில் பரவி, பிறகு செதிலாகப் பெயரும்.

துத்தநாகம் தடுப்பாக இருப்பதோடு நிற்பதில்லை. இரும்பும் துத்தநாகமும் ஒன்றையொன்று தொட்டிருக்கும்போது ஈரம் பட்டால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அந்தக் கலத்தில் துத்தநாகம் முதலில் கரைகிறது. அது கரையும் வரை பக்கத்தில் உள்ள இரும்பு தப்பிக்கிறது. இதனால் தகட்டை வெட்டிய ஓரத்திலும் சிறு கீறலிலும்கூட உடனே துரு வருவதில்லை. டார்ச்லைட்டில் போடும் சாதாரண பேட்டரியின் உள்கூடும் துத்தநாகம்தான். பேட்டரி தீரத் தீர அந்தக் கூடு கரைந்து, கடைசியில் உள்ளிருக்கும் பசை கசியும். கூரையில் மிக மெதுவாக நடப்பதும் அதுவே.

கப்பல்களின் செப்புத் தகடுகளை இப்படிக் காக்கலாம் என்று 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி காட்டினார். இன்றும் கப்பல்களின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி, அவற்றைக் கரையவிட்டு உடலைக் காக்கிறார்கள்.

450 டிகிரி சூட்டில் ஒரு முக்கு

இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கும் முறைக்கு 1837ஆம் ஆண்டில் பிரான்சின் சொரெல் காப்புரிமை பெற்றார். இத்தாலிய அறிஞர் கால்வானியின் பெயரால் இது 'கால்வனைஸ்' என்று வழங்கப்படுகிறது.

முதலில் இரும்பில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவார்கள். பிறகு அமிலத் தொட்டியில் போட்டுத் துருவை அகற்றுவார்கள். அடுத்தது நவச்சாரமும் துத்தநாகக் குளோரைடும் கலந்த நீர். பித்தளைக்கு ஈயம் பூசியவர் தூவிய அதே நவச்சாரம்தான் இங்கேயும் மேற்பரப்பைச் சுத்தமாக்கி, உருகிய உலோகம் ஒட்டுவதற்கு வழி செய்கிறது. கடைசியாக, சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இரும்பை முக்குவார்கள்.

அந்தச் சூட்டில் இரும்பும் துத்தநாகமும் கலந்து அடுக்கடுக்கான கலப்புலோகம் உண்டாகிறது. சாயம் இரும்பின் மேல் ஒட்டி நிற்கும். இந்தப் பூச்சோ இரும்போடு கலந்து நிற்கும். உள் அடுக்குகள் சாதாரண இரும்பைவிடக் கடினமானவை.

ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள இரும்பை இப்படி முக்கினால், அனைத்துலகத் தரநிலைப்படி சராசரியாக 85 மைக்ரோன் பூச்சு இருக்க வேண்டும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாலையோர விளக்குக் கம்பங்கள் பல பத்தாண்டுகள் நிற்பதற்கு இதுவே காரணம். கடையில் பளபளவென்று மின்னும் சாதாரணத் திருகாணிகளின் கதை வேறு. அவற்றுக்கு மின்முலாம் மூலம் பூசப்படும் துத்தநாகம் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரோன்தான். மினுமினுப்பைப் பார்த்து அவற்றை வாங்கிக் கூரையில் அடித்தால், தகடு நன்றாக இருக்கும்போதே திருகாணியைச் சுற்றி ஒழுகத் தொடங்கிவிடும்.

தகடு வாங்கும்போது கேட்க வேண்டிய எண்

கூரைத் தகடு வாங்கச் செல்பவர்கள் பொதுவாகக் கேட்பது கேஜ் எண்ணை. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அது தடிமனை மட்டுமே சொல்லும். துருவை எதிர்ப்பது பூச்சின் எடை. அதற்குத் தனிக் குறி உண்டு.

'இசட் 275' என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் இருக்கிறது என்று பொருள். ஒரு பக்கத்துக்கு அது 20 மைக்ரோனுக்குச் சற்றுக் குறைவு. 'இசட் 100' என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 7 மைக்ரோன்தான். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. புதிதில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும்.

இப்போது அதிகம் விற்பனையாவது 'ஏஇசட் 150' போன்ற குறியுள்ள தகடு. இதில் பூச்சு 55 விழுக்காடு அலுமினியம், 43.4 விழுக்காடு துத்தநாகம், 1.6 விழுக்காடு சிலிக்கான். அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் உருவாக்கிய இந்தக் கலவை 1972ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. அலுமினியத்தின் கெட்டியான படலமும் துத்தநாகத்தின் தியாகமும் சேர்ந்திருப்பதால், பல சூழல்களில் அதே தடிமனுள்ள வெறும் துத்தநாகப் பூச்சைவிட இது நீண்ட காலம் தாங்கும்.

வண்ணத் தகடுகளில் கவனம் கூடுதலாகத் தேவை. வண்ணத்துக்கு அடியில் எவ்வளவு பூச்சு என்பது வெளியே தெரியாது. தடிமனைச் சொல்லும்போதும், இரும்பின் தடிமனா, பூச்சும் சாயமும் சேர்ந்த மொத்தத் தடிமனா என்று கேட்க வேண்டும். மொத்தம் 0.48 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் தகட்டில் இரும்பு 0.42 மில்லிமீட்டராக இருக்கலாம்.

கடலோரத்தில் ஒரு கணக்கு, உள்ளூரில் ஒரு கணக்கு

ஒரே தகடு எல்லா இடத்திலும் ஒரே காலம் நிற்பதில்லை. காற்று உலோகத்தை எவ்வளவு அரிக்கும் என்பதை ஐஎஸ்ஓ 9223 என்ற தரநிலை வகைப்படுத்துகிறது. நடுத்தர வகையில், ஓராண்டில் 0.7 முதல் 2.1 மைக்ரோன் துத்தநாகம் கரையும். தூசும் புகையும் அதிகம் இல்லாத வெப்பமண்டல ஊர்கள் இந்த வகையில் வரும். கடல் உப்பு கடுமையாகப் படியும் இடங்களில் அது 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரை போகும்.

20 மைக்ரோன் பூச்சுக்கு இதைக் கணக்கிட்டால், உள்ளூரில் பத்து முதல் இருபத்தெட்டு ஆண்டுகள். கடற்கரையை ஒட்டி ஐந்து ஆண்டுகூடத் தேறாது. பாகான் டத்தோ, கேரித் தீவு போன்ற இடங்களில் கடலுக்கு நேராக நிற்கும் வீட்டுக்கும் பகாங்கின் உட்பகுதித் தோட்டத்து வீட்டுக்கும் ஒரே தகடு போதும் என்று நினைப்பது தவறு.

மழை படாத இடம்தான் பாதுகாப்பானது என்றும் பலர் நினைக்கிறார்கள். கடலோரத்தில் நடப்பது தலைகீழ். மழை, படிந்த உப்பைக் கழுவிவிடும். கூரையின் கீழ்ப்பக்கத்திலும் தாழ்வாரத்தின் மறைவிலும் உப்பு அப்படியே தங்கி அரிக்கும். அந்த இடங்களை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது செலவில்லாத பராமரிப்பு.

வேறு சில எதிரிகளும் உண்டு. மாட்டுக் கொட்டகையிலும் ஆட்டுக் கொட்டகையிலும் எழும் அமோனியா, அலுமினியம் கலந்த பூச்சுக்கு ஆகாது. ஈர சிமெண்டு தெறித்தால் காய்வதற்குள் கழுவ வேண்டும். குளிர்சாதனக் கருவியின் செப்புக் குழாயைத் தொட்டு வரும் நீர் கூரையில் சொட்டினால், அந்த இடத்தில் பூச்சு வேகமாகக் கரையும். தகட்டைக் கூரையின் மேலேயே வைத்துக் கிரைண்டரால் வெட்டினால், சிதறும் இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருக்கறையை உண்டாக்கும். வெட்டிய பிறகு கூரையைப் பெருக்கிவிட வேண்டும்.

வாங்கிய தகடுகளை மழையில் நனையவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதும் கூடாது. இடுக்கில் காற்றுப் படாமல் தேங்கும் நீரால் வெள்ளைத் தூள் பூக்கும். அது அழுக்கல்ல, கரைந்துபோன துத்தநாகம்.

வாளியைப் பற்றியும் ஒரு சொல். துத்தநாகப் பூச்சுள்ள வாளியிலோ அண்டாவிலோ புளித்தண்ணீர், ரசம், மோர், எலுமிச்சைச் சாறு வைக்கக் கூடாது. புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்துவிடும். அதைக் குடித்தால் குமட்டலும் வாந்தியும் வரும். கோயில் அன்னதானத்திலும் கல்யாண வீட்டிலும் பெரிய பாத்திரம் தேடும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

சாயம் ஏன் உரிகிறது?

கால்வனைஸ் செய்த கிரில்லின் மேல் சாதாரண எண்ணெய்ச் சாயத்தை நேரடியாக அடித்தால், சாயத்தில் உள்ள எண்ணெயும் துத்தநாகமும் வினைபுரிந்து இடையில் சவர்க்காரம் போன்ற ஒரு படலம் உண்டாகும். வழுக்கும் அந்தப் படலத்தின் மேல் சாயம் நிற்காது. சில மாதங்களில் முழுத் தோலாக உரியும். விலை உயர்ந்த சாயம் வாங்கினாலும் முடிவு அதுதான்.

பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவி, மேற்பரப்பை மணல்தாளால் இலேசாக உரசி, கால்வனைஸ் இரும்புக்கு ஏற்றது என்று டின்னில் குறிப்பிட்டுள்ள அடிச்சாயத்தை முதலில் பூச வேண்டும். அதன் மேல் விரும்பிய வண்ணத்தை அடிக்கலாம். பூச்சு போய்த் துருவேறிய பழைய கேட் என்றால், உதிரும் துருவை முழுவதுமாகச் சுரண்டாமல் சாயம் அடிப்பது பண விரயம். துருவுக்கு அடியில் தங்கிய ஈரமும் உப்பும் சாயத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

பட்டறையில் எழும் வெள்ளைப் புகை

பூச்சு இருக்கும் இரும்பில் வெல்டிங் செய்வது தனிப் பிரச்சினை. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் சூடு அதைவிட மிக அதிகம். கால்வனைஸ் குழாயைப் பற்றவைக்கும்போது எழும் அடர்ந்த வெள்ளைப் புகை, அந்தத் துத்தநாகம் எரிந்து உண்டாவது.

அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகு, வாயில் உலோகச் சுவை, தொண்டை வறட்சி, இருமல், குளிர் நடுக்கம், காய்ச்சல், உடல்வலி வரும். இதை உலோகப் புகைக் காய்ச்சல் என்பார்கள். வழக்கமாக ஓரிரு நாளில் தணிந்துவிடும். அடுத்தடுத்த நாள்களில் உடல் சற்றுப் பழகிக்கொள்ளும். வார விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போக, திங்கட்கிழமை மீண்டும் கடுமையாக வரும். இதனால் இதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றும் பெயர் உண்டு. மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று எண்ணி, பனடோல் போட்டுப் படுத்துவிட்டு மறுநாள் அதே வேலைக்குத் திரும்புபவர்கள் இருக்கிறார்கள்.

பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. பால் வயிற்றுக்குப் போகும். புகை போவது நுரையீரலுக்கு. பால் குடித்துவிட்டோம் என்ற துணிச்சலில் முகமூடி இல்லாமல் வேலையைத் தொடர்வதுதான் ஆபத்து. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த உலோகத்தில், எந்தப் பூச்சில் வேலை செய்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காட்மியம் பூசிய பழைய திருகாணிகளைச் சூடாக்கினால் வரும் புகை உயிரையே பறிக்கக்கூடியது. அதற்கும் தொடக்க அறிகுறிகள் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும்.

பாதுகாப்பு முறை எளிது. பற்றவைக்கும் இடத்தின் இரு பக்கமும் சில அங்குலத்துக்குப் பூச்சை முதலில் அகற்ற வேண்டும். காற்றோட்டமான இடத்தில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று வேலை செய்ய வேண்டும். மூக்கில் கட்டும் துணியும் அறுவை சிகிச்சை முகமூடியும் இந்தப் புகையைத் தடுக்காது. உலோகப் புகைக்கு ஏற்ற வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, சட்டம் கோரும் பாதுகாப்புச் சாதனத்துக்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது. சம்பளத்தில் முகமூடிக்குக் கழிப்பவர்களிடம் தொழிலாளர்கள் இதைச் சொல்லலாம்.

இன்னொரு எச்சரிக்கை பட்டறை நடத்துபவர்களுக்கு. கேட்டைச் செய்து முடித்துவிட்டு உருகிய துத்தநாகத்தில் முக்க அனுப்புவதானால், குழாய்களில் காற்றுத் துளை இருக்க வேண்டும். இரு முனையும் மூடிய குழாய்க்குள் ஈரம் இருந்தால், அந்தச் சூட்டில் நீராவியாகி வெடிக்கும்.

வெல்டிங் முடிந்த பிறகு

பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் போய்விட்டது. கேட் முதலில் துருப்பிடிப்பது எப்போதும் அந்த மூட்டுகளில்தான். பல பட்டறைகளில் அங்கே வெள்ளி நிறச் சாயத்தைத் தெளித்துவிடுகிறார்கள். பார்வைக்குக் கால்வனைஸ் போலவே இருக்கும். ஆனால் சாதாரண வெள்ளிச் சாயத்தில் இருப்பது அலுமினியத் தூள். அது நிறத்தைத் தரும், துத்தநாகம் செய்யும் வேலையைச் செய்யாது.

அந்த இடத்துக்கு வேண்டியது துத்தநாகச் செறிவுள்ள சாயம். காய்ந்த படலத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் துத்தநாகத் தூள் இருக்கும் சாயங்கள் கடைகளில் கிடைக்கின்றன. வெல்டிங் கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தமாக்கிய பிறகு, இரண்டு மூன்று முறை தடிமனாகப் பூச வேண்டும்.

சுருக்கமாக, கவனிக்க வேண்டியவை:

• கூரைத் தகடு வாங்கும்போது கேஜ் எண்ணோடு பூச்சின் எடையையும் கேளுங்கள். தகட்டில் அச்சிட்ட குறியைப் பாருங்கள்.

• வீடு கடலோரத்திலா, தொழிற்சாலைக்குப் பக்கத்திலா, மேலே போடுவது கால்நடைக் கொட்டகைக்கா என்பதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

• தகட்டுக்கு இணையான பூச்சுள்ள, ரப்பர் வளையத்தோடு கூடிய திருகாணிகளையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

• புதிய கிரில்லுக்குச் சாயம் அடிக்குமுன் ஏற்ற அடிச்சாயம் பூசுங்கள்.

• கேட் செய்பவரிடம், மூட்டுகளுக்கு என்ன சாயம் பூசுகிறீர்கள் என்று கேளுங்கள். வெல்டிங் செய்ய வரும் பையன் முகமூடி இல்லாமல் வந்தால், வேலையைத் தொடங்குமுன் அதையும் கேளுங்கள்.